அழாத முகமும் கீறின செம்பும்: மூங்க்கோட ‘நோயுற்ற குழந்தை’ பிரிண்டுகள்

எட்வர்ட் மூங்க்னு சொன்னாலே எல்லாருக்கும் அந்த ‘அலறல்’ படம்தான் ஞாபகம் வரும், பாலத்து மேல நின்னு ரெண்டு கையாலயும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வாயைப் பொளந்து நிக்கிற உருவம், எமோஜி வரைக்கும் போயாச்சு. நான் இங்க எடுத்துக்கிட்ட கேஸ் அது இல்ல. அதே ஆளு 1894லயும் 1896லயும் பண்ணின ரெண்டு பிரிண்ட், ரெண்டுக்கும் ஒரே பேரு, ‘நோயுற்ற குழந்தை’. ஒண்ணு செம்புத் தகட்டுல ஊசியால கீறினது, இன்னொண்ணு கல்லுல வரைஞ்சு கலர்ல அடிச்ச லித்தோ. பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில ஐரோப்பால பிரிண்ட்மேக்கிங் எப்படி உணர்ச்சியை சொல்லுச்சுன்னு யாராவது கேட்டா நான் இந்த ரெண்டு தாளைத்தான் எடுத்துப் போடுவேன், ஏன்னா இதுல யாரும் அலறல, அந்தப் பொண்ணு அழக்கூட இல்ல, இருந்தும் பாக்குறவனுக்குத் தொண்டை அடைக்குது. அந்த அடைப்பு எங்கருந்து வருதுன்னு தேடிப் போனதுதான் இந்த எழுத்து.

முதல்ல குடும்பக் கதைய சுருக்கமா சொல்லிடறேன், இதை எல்லாரும் நீட்டி முழக்குவாங்க, எனக்கு அதுல அவ்வளவு இஷ்டம் இல்ல. மூங்க் 1863ல பொறந்தவரு, நார்வே. அஞ்சு வயசுல அம்மா காசநோய்ல போயிட்டாங்க, 1868. அம்மாவோட தங்கச்சி, கரேன் ப்யோல்ஸ்டாட்னு பேரு, அதாவது இவருக்கு சித்தி, வீட்டுக்கு வந்து பிள்ளைங்களை வளத்தாங்க. 1877ல அக்கா சோஃபி, 15 வயசு, அதே காசநோய். அப்பா ராணுவ டாக்டர், வீட்டுல டாக்டர் இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல. காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமின்னு ராபர்ட் கோக் பெர்லின்ல அறிவிச்சதே 1882லதான், மருந்து வர அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்போ 1877ல ஒரு டாக்டர் அப்பா என்ன பண்ணிருப்பாரு, பக்கத்துல உக்காந்து ஜெபம்தான் பண்ணிருப்பாரு. சோஃபி உக்காந்திருந்த நாற்காலியை மூங்க் சாகுற வரைக்கும் கூடவே வெச்சிருந்தாரு, இப்போ அது ஓஸ்லோ மியூசியத்துல இருக்கு.

அடுத்து இதே காட்சியை அவரு முதல்ல வரைஞ்ச பெயிண்டிங். பிரிண்டைப் புரிஞ்சுக்கணும்னா பெயிண்டிங்கைத் தொடாம போக முடியாது, ஏன்னா பிரிண்ட்ல நடக்கப் போறது மொத்தமும் அங்கயே தொடங்கிருச்சு. 1885ல ஆரம்பிச்சு 86ல முடிக்கிறாரு. பெட்ஸி நீல்சன்னு சிவந்த முடிக்கார சின்னப் பொண்ணு ஒருத்தியை மாடலா உக்கார வெக்கிறாரு, பக்கத்துல தலை குனிஞ்சு உக்காந்திருக்கிறவங்களுக்கு மாடல் அந்த கரேன் சித்தியேதான். அதாவது நிஜமாவே அந்தச் சாவைப் பக்கத்துல இருந்து பாத்த பொம்பளையைக் கூப்பிட்டு, எட்டு வருஷம் கழிச்சு அதே மாதிரி உக்காருங்க சித்தின்னு உக்கார வெச்சிருக்காரு. இதை யோசிச்சாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

அந்தப் படத்தை ஒரு வருஷத்துக்குள்ள 20 தடவ திருப்பித் திருப்பி வரைஞ்சதா பின்னாடி அவரே எழுதிருக்காரு. வரையறது, பிடிக்கலன்னா சுரண்டுறது, டர்பன்டைன் ஊத்திக் கரைக்கிறது, மறுபடி வரையறது. முதல் தடவ பாத்தப்போ மனசுல பதிஞ்ச அந்த வெளிறின தோலு, நடுங்குற வாயி, கை, இதைப் பிடிக்கப் பாத்திருக்காரு, அது கைக்கு வராம நழுவிக்கிட்டே இருந்திருக்கு. இன்னொண்ணும் சொல்றாரு, தான் பாக்குறப்போ தன்னோட கண்ணு இமை மயிரோட நிழலும் அந்தக் காட்சிக்குள்ள கலந்திருந்துச்சாம், அதையும் படத்துல கோடா போட்டிருக்காரு. இது சின்ன விஷயம் இல்லங்க. அழுது வீங்கின கண்ணு பாதி மூடி இருக்கிறப்போ இமை வழியா உலகம் கோடு கோடா தெரியுமே, அது. அழுறது அந்தப் பொண்ணு இல்ல, பாக்குறவன். உணர்ச்சியை முகத்துல வரையாம பார்வையிலயே வரைஞ்சிருக்காரு.

1886ல கிறிஸ்டியானியாவுல, அதான் இன்னைக்கு ஓஸ்லோ, இலையுதிர் கால கண்காட்சியில வெச்சப்போ ‘ஸ்டடி’ன்னு மட்டும் பேரு போட்டிருந்தாரு. ஜனம் படத்து முன்னாடி கும்பலா நின்னு சிரிச்சாங்க, குஸ்தாவ் வென்ட்ஸெல்னு சக ஓவியர் ஒருத்தரு மூஞ்சிக்கு நேராவே ஏமாத்துக்காரன்ங்கிற அர்த்தத்துல கத்தினாரு. அவங்க கோபத்துக்கும் காரணம் இருக்கு. சீக்காளி படம்ங்கிறது அந்தக் காலத்து நார்வேயில புதுசே இல்ல, ஆளாளுக்குக் கட்டிலு, தலகாணி, போர்வைன்னு வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க, மூங்க்கே கிண்டலா அதைத் தலகாணிக் காலம்னு சொல்லிருக்காரு. கிறிஸ்டியன் குரோக்ங்கிற நார்வே ஓவியர் 1880-81ல ஒரு சீக்காளிப் பொண்ணை வரைஞ்சாரு, நேரா நம்மள பாக்குது, கையில ஒரு ரோஜா, ஒவ்வொரு மடிப்பும் அவ்வளவு தெளிவு. அது மோசமான படம்னு நான் சொல்ல மாட்டேன், குரோக்கும் சகோதரியைக் காசநோய்க்குப் பறிகுடுத்தவர்தான். ஆனா அதுல நோயாளி தெரியுறா, பக்கத்துல உக்காந்திருக்கிறவன் தெரியல. மூங்க் படத்துல அந்த ரெண்டு கையும் சேருற இடத்தைப் பாருங்க, விரலே கிடையாது, ஒரு கொழகொழப்பு, அவ்வளவுதான். முடிக்காத படத்தைக் கொண்டாந்து மாட்டிட்டான்னுதான் அன்னைக்கு எல்லாரும் நெனச்சாங்க.

இங்கருந்து பிரிண்டுக்குத் தாவுறேன். 1892 நவம்பர்ல பெர்லின் ஓவியர் சங்கம் மூங்க்கைக் கூப்பிட்டு கண்காட்சி வெக்க, அதே சங்கத்துல மூத்தவங்க ஓட்டெடுப்பு நடத்தி ஒரே வாரத்துல இழுத்து மூடிட்டாங்க. பெரிய அசிங்கம்னு நெனப்போம், அவருக்கு அது லாட்டரி, ஒரே நாள்ல ஜெர்மனி முழுக்க பேரு தெரிஞ்சுருச்சு, அதனால பெர்லின்லயே தங்கிட்டாரு. பேரு வந்துச்சே தவிர காசு வரல. பெயிண்டிங் விக்கவே இல்ல, வித்தாலும் அவருக்குப் பிரிய மனசு வராது. 1894ல பிரிண்ட் கத்துக்க ஆரம்பிச்சதுக்கு இது ஒரு காரணம், இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்ல. ஒரு தகட்டுல வரைஞ்சா பல தாள் எடுக்கலாம், கம்மி விலைக்கு விக்கலாம், மூலப் படமும் கையை விட்டுப் போகாது. 1895லயே யூலியஸ் மையர்-கிராஃபேங்கிற விமர்சகர் மூங்க்கோட எட்டு செம்புத்தகடு பிரிண்டுகளை ஒரு தொகுப்பா வெளியிட்டாரு, அதுல ‘நோயுற்ற குழந்தை’யும் ஒண்ணு.

இந்த 1894 பிரிண்ட் ட்ரைபாயிண்ட். எட்சிங் மாதிரி ஆசிட் கீசிட் எதுவும் கிடையாது, கூர்மையான ஊசிய எடுத்து நேரா செம்புல கீற வேண்டியதுதான். ஒரு தடவ ஒர்க்‌ஷாப்ல நானும் பண்ணிப் பாத்தேன், உள்ளங்கை அளவு தகடு, அரை மணி நேரத்துல மணிக்கட்டு விட்டுப்போச்சு. பென்சில் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும்னு நெனச்சேன், செம்பு விடவே மாட்டேங்குது, வளைவு போடப் போனா ஊசி தன் இஷ்டத்துக்கு நேரா இழுத்துக்கிட்டு ஓடுது, ஒவ்வொரு கோட்டுக்கும் மல்லுக்கட்டணும். ஏர் ஓட்டுனா சாலுக்குப் பக்கத்துல மண்ணு ஏறி நிக்கும்ல, அதே மாதிரி கீறலோட ஓரத்துல செம்பு பிசிறா எழும்பி நிக்கும், அதுக்கு பர்னு பேரு. மை தடவித் துடைக்கிறப்போ அந்தப் பிசிறுக்குள்ள மை தங்கிக்கும், ஈரத் தாளை வெச்சு பிரஸ்ல உருட்டுனா கோடு சுத்தமா வராது, வெல்வெட்டு மாதிரி கசிஞ்சு, விளிம்பு புகைஞ்சு வரும்.

இப்போ பெயிண்டிங்கை மறுபடி நெனச்சுப் பாருங்க. கேன்வாஸ்ல கத்தியால சுரண்டுனவருக்கு, சுரண்டுறதே கோடா ஆகுற ஒரு தொழில் கையில கிடைச்சிருக்கு. பெயிண்டிங்ல சுரண்டல் ஒரு தோல்வியோட அடையாளம், பிடிக்காம அழிச்சது. தகட்டுல அதே சுரண்டல்தான் படமே. எட்டு வருஷமா அவருக்குள்ள இருந்த கை அசைவு இங்க வந்து சரியான இடத்துல உக்காந்திருச்சுன்னு எனக்குத் தோணுது. அந்த ட்ரைபாயிண்ட்ல சித்தியோட முதுகு, துணி, அறையோட இருட்டு எல்லாம் கோடு மேல கோடு விழுந்து அடர்ந்து கிடக்கும், பொண்ணோட முகமும் தலகாணியும் வர்ற இடத்துல கோடு சட்டுனு மெலிஞ்சு கிட்டத்தட்ட வெறும் தாளா நிக்கும். வெளிச்சம் எங்கருந்து வருதுன்னு பாத்தா, கீறாம விட்ட இடத்துலருந்து வருது. காயம் படாத இடம் அந்தப் பொண்ணு மட்டும்தான், சுத்தி இருக்கிறவங்க மேலதான் அத்தனை கீறலும்.

ட்ரைபாயிண்ட்ல இன்னொரு குணம் இருக்கு. ஒவ்வொரு தாள் எடுக்கிறப்பவும் பிரஸ் அழுத்துற அழுத்துல அந்தப் பிசிறு கொஞ்சம் கொஞ்சமா மழுங்கும். முதல் சில தாள் கருகருன்னு வெல்வெட்டா வரும், அப்புறம் போகப் போக வெளிறிப்போயிடும். தகட்டு மேல இரும்பு முலாம் பூசினா கூட கொஞ்சம் தாள் எடுக்கலாம், ஆனா அந்த மென்மை கொஞ்சம் அடிவாங்கும். எலும்புருக்கி நோய்னு நம்ம பழைய ஆளுங்க காசநோய்க்கு பேரு வெச்சாங்க, ஆளை உருக்கிடும்னு. தகடும் அதே மாதிரி தேஞ்சு போறது மூங்க் யோசிச்சு செஞ்சது இல்ல, தொழிலோட இயல்பு, ஆனா தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தாளைப் பாத்தா வேற மாதிரி இருக்கு.

1896ல பாரிஸ் போறாரு. அந்தப் பத்து வருஷம் பாரிஸ் கலர் லித்தோவுக்குப் பொற்காலம், தெருவுக்குத் தெரு போஸ்டரு, பொன்னார், வுய்யார்னு எல்லா ஓவியர்களும் கல்லுல வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. லித்தோ வேலை செய்யுற விதம் ரொம்ப எளிமை, எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்கிற ஒரே சங்கதிதான். மட்டமா தேய்ச்ச சுண்ணாம்புக் கல்லுல எண்ணெய்ப் பசை உள்ள கிரேயானால வரையணும், கோந்தும் கொஞ்சம் ஆசிட்டும் பூசி படிய வெக்கணும், ஈரப்படுத்தி ரோலரால மை உருட்டுனா வரைஞ்ச இடத்துல மட்டும் மை ஒட்டும். ஊசிகிட்ட மல்லுக்கட்டுன மாதிரி இங்க வேண்டியதில்ல, கை போற போக்குல போகலாம். ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல்லு, தாள் ஒவ்வொரு கல்லு மேலயும் ஒரு தடவ போய் வரணும்.

ஒகுஸ்ட் க்ளோங்கிற பெரிய கைகாரரோட அச்சகத்துலதான் மூங்க் இதை அடிச்சாரு. அங்க நடந்த ஒரு சம்பவத்தை பால் ஹெர்மன்ங்கிற ஓவியர் பின்னாடி சொல்லிருக்காரு, மூங்க் பத்திப் படிக்கிற எல்லாரும் எப்படியும் இதுல வந்து முட்டுவாங்க. தலை வரைஞ்ச கல்லெல்லாம் வரிசையா வெச்சு அடிக்கத் தயாரா இருக்கு, மூங்க் வந்து கல்லு முன்னாடி நிக்கிறாரு, கண்ணை இறுக்கி மூடிக்கிறாரு, விரலைக் காத்துல ஆட்டிக்கிட்டே சாம்பல், பச்சை, நீலம், பழுப்புன்னு சொல்றாரு, கண்ணைத் தொறந்து ஹெர்மன்கிட்ட வாய்யா ஒரு கிளாஸ் போட்டுட்டு வரலாம்னு கிளம்பிடறாரு. அச்சடிக்கிறவரு அடிச்சுக்கிட்டே இருக்காரு, மூங்க் திரும்பி வந்து மறுபடி கண்ணை மூடிக்கிட்டு மஞ்சள், ரோஸ், சிவப்புங்கிறாரு. இப்படியே இன்னும் ரெண்டு மூணு தடவ.

இந்தக் கதையைக் கேட்டா ரெண்டு விதமா ஏமாறலாம். ஒருத்தன் இதைக் கேட்டு ஆகா, சாமி வந்த கலைஞன்னு உருகுவான். இன்னொருத்தன் குடிகாரன் ஏதோ உளறிட்டுப் போயிருக்கான், நாம உக்காந்து அர்த்தம் தேடுறோம்பான். எனக்கு ரெண்டும் ஒத்து வரல. அந்தக் கல்லுல இருந்த கோடு ஒவ்வொண்ணும் அவரு தீர யோசிச்சுப் போட்டது, அந்தப் பத்து வருஷமா தினம் பாத்த முகம். வரைவு அசையாம நிக்கிறதாலதான் கலரைக் கண்ணை மூடிக்கிட்டு சொல்ல முடிஞ்சுது. மெட்டு மனசுல ஊறிப்போன வித்வான் கச்சேரி மேடையில ஏறி எந்தப் பக்கம் வேணாலும் நிரவல் பண்ணுவாரே, அந்தத் தைரியம். அது போக, பக்கத்துல நின்னது க்ளோ, எந்த மை எந்த மைக்கு மேல எப்படி உக்காரும்னு கை ரேகை மாதிரி தெரிஞ்சவரு, அவரு பேரை இந்தக் கதையில யாருமே சொல்லாம போறது எனக்கு கொஞ்சம் எரிச்சல்.

லித்தோவுல மூங்க் பண்ணின பெரிய காரியம் கலர் இல்ல, வெட்டுனது. சித்தி இல்ல. அறை இல்ல, திரை இல்ல, மருந்து பாட்டில் இல்ல. பொண்ணோட தலையும் தோளும் பக்கவாட்டுல, பின்னாடி தலகாணி, அவ்வளவுதான் மொத்தத் தாளும். பெயிண்டிங்ல ஒரு சம்பவம் இருந்துச்சு, யாரு சாகுறா, யாரு அழுறாங்கன்னு. இங்க சம்பவம் போயி முகம் மட்டும் மிச்சம். நெத்தியில ஒட்டுன முடி, லேசா தொறந்தும் தொறக்காத வாயி, எங்கயோ பாக்குற கண்ணு. கிரேயான் கோடு சாய்வா மழை மாதிரி விழுந்திருக்கு, முடி எங்க முடியுது தலகாணி எங்க ஆரம்பிக்குதுன்னு சில இடத்துல பிரிக்கவே முடியாது, அந்தப் பொண்ணு அப்படியே தாளுக்குள்ள கரைஞ்சு போற மாதிரி. ரொம்ப நாள் கழிச்சு செத்தவங்களை நெனச்சா நமக்கும் அப்படித்தான, அறையில என்ன இருந்துச்சு, யாரு யாரு வந்தாங்க எல்லாம் மறந்து போயி முகம் மட்டும், அதுவும் ஒரே ஒரு கோணத்துல மட்டும் நிக்கும்.

சில தாள்ல வெறும் கருப்பு. சிலதுல மொத்தமும் சிவப்பு, காய்ச்சல்ல தகிக்கிற மாதிரி. சிலதுல மஞ்சளும் நீலமும் சிவப்பும் ஒண்ணு மேல ஒண்ணு. சிவப்புன்னா ரத்தம், மஞ்சள்னா நோய்னு டிக்‌ஷனரி போட்டுப் பாக்கத் தேவையில்ல, கண்ணை மூடிக்கிட்டு சொன்ன கலருக்கு நாம அகராதி எழுதுனா நல்லாவா இருக்கும். ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வெச்சுப் பாத்தாத்தான் விஷயம் புரியும், ஒரே கோடு, ஒரே முகம், ஆனா ஒரு தாள்ல அவ இன்னும் ரெண்டு மாசம் இருப்பான்னு தோணும், இன்னொண்ணுல இன்னைக்கு ராத்திரி தாண்ட மாட்டான்னு தோணும். பெயிண்டிங்ல 20 தடவ அழிச்சு வரைஞ்சதுல 19 நமக்குக் கிடைக்கல, அடியில புதைஞ்சு போச்சு. லித்தோவுல எதையும் அழிக்க வேண்டியதில்ல, ஒவ்வொரு தடவ ஞாபகம் வந்ததும் தனித் தாளா நிக்குது. ஒரே மாதிரி நூறு காப்பி எடுக்கக் கண்டுபிடிச்ச மெஷினை ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லாம எடுக்க இவரு பயன்படுத்திருக்காரு. தன்னோட பிரிண்டுகள்லயே இதைத்தான் முக்கியமானதா அவரு நெனச்சாரு, அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல.

கிட்டத்தட்ட அதே சமயம் பெர்லின்ல கேத்தே கோல்விட்ஸ்ங்கிற பெண் ஓவியர் அதே காட்சியை எடுக்குறாங்க, சாகக் கிடக்குற குழந்தை, பக்கத்துல அம்மா. 1844ல சைலீசியாங்கிற பகுதியில நெசவாளிங்க பண்ணின கலகத்தைப் பத்தின ஆறு தாள் வரிசை அது, 1893ல இருந்து 97 வரைக்கும் உக்காந்து பண்ணினாங்க, மூணு லித்தோ, மூணு எட்சிங். முதல் தாள் பேரு ‘இல்லாமை’. இருண்டு போன தாழ்வான அறை, பின்னாடி தறி, முன்னாடி படுக்கையில குழந்தை, அம்மா ரெண்டு கையாலயும் தலையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. கோல்விட்ஸோட வீட்டுக்காரரு பெர்லின்ல தொழிலாளிங்க குடியிருந்த பகுதியில டாக்டர், அந்த மாதிரி அம்மாக்களை அவங்க நேர்ல பாத்தவங்க. மூங்க் அறையைத் தூக்கி வெளிய போட்டாரு, கோல்விட்ஸ் அறையை விடவே மாட்டாங்க, ஏன்னா குழந்தை சாகுறதுக்குக் காரணமே அந்த அறைதான், அந்தத் தறிதான், கூலிதான். 1898ல பெர்லின் பெரிய கண்காட்சியில நடுவர் குழு இதுக்கு தங்கப் பதக்கம் குடுக்கலாம்னு சொல்ல, ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடியாதுன்னுட்டாரு. மூங்க் படத்தைப் பாத்து சிரிச்சாங்க, கோல்விட்ஸ் படத்தைப் பாத்து பயந்தாங்க. எது ஒசத்தின்னு கேட்டா நான் தப்பிச்சு ஓடிடுவேன், ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும், மூங்க்கோட தலகாணி நல்ல தலகாணி, டாக்டர் வீட்டுத் தலகாணி, கோல்விட்ஸைப் பாத்துட்டு வந்தா அது கண்ணுல படத்தான் செய்யுது.

இன்னொரு பக்கம் பாரிஸ்ல ஃபெலிக்ஸ் வலோத்தோன்னு ஒரு ஓவியர், 1897-98ல ‘அந்தரங்கங்கள்’னு பத்து மரக்கட்டை அச்சு. தாள்ல பாதிக்கு மேல வெறும் கருப்பு, அதுக்குள்ள புருஷன் பொண்டாட்டி, கள்ளக் காதல், பொய்யி, முகத்துல ஒரு சுருக்கம் கூட இல்ல. 30 செட்டு மட்டும் அடிச்சாரு, அப்புறம் கட்டைகளை வெட்டிப்போட்டு, வெட்டுன துண்டுகளை வெச்சே ஒரு தாள் அடிச்சு பாத்துக்கங்க, இனிமே அடிக்க முடியாதுன்னு சாட்சியா சேத்தாரு. வாங்குறவனுக்கு அது உத்தரவாதம். மூங்க்குக்கு இந்தப் புத்தியே கிடையாது, தகட்டையும் கல்லையும் விடாம பத்திரப்படுத்தி வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டே இருந்தாரு.

அதனால ஒரு குத்தச்சாட்டு உண்டு, அக்கா சாவை வித்துப் பொழச்சாருன்னு. பெயிண்டிங்காவே ஆறு தடவ வரைஞ்சிருக்காரு, கடைசி 1920கள்ல, லித்தோ அடிச்ச அதே 1896ல வரைஞ்ச ரெண்டாவது, ஓலாஃப் ஸ்கோவுங்கிற சேகரிப்பாளர் கேட்டு வரைஞ்சதுதான். காசுக்குத்தான், ஆமா. சாவு வீட்டுல ஒப்பாரி பாடுறவங்களும் கூலி வாங்குனவங்கதான், அதுக்காக அவங்க பாட்டுல கண்ணீரு இல்லன்னு யாரும் சொன்னதில்ல. 1907ல வரைஞ்ச ஒண்ணு டிரெஸ்டன் மியூசியத்துல இருந்துச்சு, நாஜிங்க அதை சீரழிஞ்ச கலைன்னு தூக்கி வித்தாங்க, தாமஸ் ஓல்சன்னு ஒரு நார்வே கப்பல் முதலாளி வாங்கி 1939ல லண்டன் டேட் கேலரிக்குக் குடுத்தாரு, இப்பவும் அங்கதான் இருக்கு. மூங்க் 1944ல சாகுறப்போ கைவசம் இருந்த ஆயிரக்கணக்கான பிரிண்டுகளோட சேத்து எல்லாத்தையும் ஓஸ்லோ நகரத்துக்கு எழுதி வெச்சுட்டுப் போனாரு.

கடைசியா அந்த 1894 தகட்டுல நான் சொல்லாம வெச்சிருந்த ஒரு இடம். படத்துக்குக் கீழ, தனியா ஒரு சின்னப் பட்டையில, மூங்க் ஒரு நிலக்காட்சி கீறிருக்காரு. நாலஞ்சு மரக்கோடு, வெளி, ஆளே கிடையாது. எட்சிங் பண்றவங்க தகட்டு ஓரத்துல ஏதாவது கிறுக்கிப் பாக்குறது அந்தக் காலத்து வழக்கம்தான், இதையும் அப்படி விட்டுடலாம். ஆனா மேல அந்தக் கோடெல்லாம் எவ்வளவு அழுத்தமோ, கீழ அவ்வளவு லேசு, ஊசி செம்பைத் தொட்டும் தொடாம ஓடிருக்கு. மேல மூச்சு முட்டுற அறை, அந்தப் பொண்ணு வெளிய போகவே முடியாத அறை. கீழ வெளி.